லினக்ஸ் பிரிட்ஜ்

லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இயங்கும் மென்பொருள் ஸ்விட்ச். ஒரு சர்வரில் ஓடும் மெய்நிகர் கணினிகள் அலுவலக நெட்வொர்க்கில் தனித்தனிக் கணினிகளாகத் தெரிவதற்கு இதுவே அடிப்படை.

பிரிட்ஜ் முதலில் தனிப் பெட்டியாகவே இருந்தது. 1980களில் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் ஈதர்நெட் கிளைகளை இணைக்க அத்தகைய பெட்டிகளைத் தயாரித்தது. கிளைகளுக்கிடையே இரண்டு வழிகள் ஏற்பட்டால் ஃபிரேம்கள் ஓயாமல் சுற்றி நெட்வொர்க்கை முடக்கிவிடும். அந்நிறுவனத்தின் ரேடியா பெர்ல்மன் 1985இல் வெளியிட்ட ஸ்பானிங் ட்ரீ முறை, மிகையான வழியைத் தானே கண்டுபிடித்து அடைத்துவைத்தது. 1990இல் அது ஐஈஈஈ 802.1டி தரத்தில் இடம்பெற்றது. இன்றைய மென்பொருள் பிரிட்ஜும் அந்த ஆய்வுக்குக் கடன்பட்டதே.

லினக்ஸில் பிரிட்ஜ் நிரலை லென்னர்ட் பாய்டென்ஹெக் புதிதாக எழுதினார். 2001இல் வந்த கெர்னல் 2.4இல் அது சேர்ந்தது. அதே பதிப்பிலிருந்த டேப் இடைமுகம், ஒரு நிரல் ஈதர்நெட் ஃபிரேம்களை நேரடியாகப் படிக்கவும் எழுதவும் வழிசெய்தது. மெய்நிகர் கணினியின் நெட்வொர்க் அட்டை ஒரு டேப். அதைச் செருகும் இடம் பிரிட்ஜ். 2007இல் கெர்னல் 2.6.20உடன் மெய்நிகர் கணினிகளை இயக்கும் கேவிஎம் வந்தபோது, வேண்டிய இரண்டு பாகங்களும் ஏற்கெனவே தயாராக இருந்தன.

அமைக்கும்போது பலர் இடறுவது ஐபி முகவரியில்தான். ஈத்0 அட்டையை பிஆர்0 பிரிட்ஜில் சேர்த்ததும் அது வெறும் போர்ட் ஆகிவிடுகிறது. சர்வரின் ஐபி முகவரியும் டீஃபால்ட் ரூட்டும் பிஆர்0க்கு மாற வேண்டும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக ஒவ்வொரு கட்டளையாக இதைச் செய்தால் நடுவிலேயே இணைப்பு அறுந்துவிடும். ஆகவே முழு அமைப்பையும் கோப்பில் எழுதி ஒரே வீச்சில் நடைமுறைப்படுத்துவதே பாதுகாப்பு.

அடுத்த தொல்லை காத்திருப்பு. ஸ்பானிங் ட்ரீ இயங்கினால் புதிய போர்ட் கேட்பு நிலையில் 15 விநாடி, கற்றல் நிலையில் 15 விநாடி நின்ற பிறகே ஃபிரேம்களைக் கடத்தும். அதற்குள் மெய்நிகர் கணினி டிஎச்சிபி முகவரி கேட்டு ஓய்ந்துவிடக்கூடும். வளையம் ஏற்பட வாய்ப்பே இல்லாத இடங்களில் ஸ்பானிங் ட்ரீயை நிறுத்தி, காத்திருப்பு நேரத்தைச் சுழியமாக்குவது வழக்கம்.

2013இல் கெர்னல் 3.9 விலான் பிரிப்பையும் பிரிட்ஜுக்குள் கொண்டுவந்தது. பழைய பிஆர்சிடிஎல் கட்டளையின் இடத்தை ஐபிரூட்2 பிடித்துக்கொண்டது. வைஃபை மட்டும் இன்றும் ஒத்துழைப்பதில்லை: ஆக்சஸ் பாயின்ட் தன்னிடம் பதிவாகாத மேக் முகவரியிலிருந்து வரும் ஃபிரேம்களை ஏற்காது. வைஃபையில் இணையும் மடிக்கணினிகளில், மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் லிப்விர்ட் இயல்பாகத் தரும் 192.168.122.0/24 நாட் நெட்வொர்க்கே கைகொடுக்கிறது.