பாலக்காட்டுத் தரூரும் குவிஸ்லிங் என்னும் வசைச்சொல்லும்

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மனி நார்வேயைத் தாக்கியது. அன்று மாலையே விட்குன் குவிஸ்லிங் வானொலி வழியாகத் தன்னை அரசுத் தலைவராக அறிவித்துக்கொண்டார். அவர் 1933இல் நிறுவிய 'நாஷனல் சாம்லிங்' கட்சி நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட வென்றதில்லை. 1942 பிப்ரவரியில் பிரதமர் பட்டம் கிடைத்தபோதும், அதிகாரம் ஹிட்லரின் ஆணையர் டெர்போவனிடமே இருந்தது. குவிஸ்லிங்கின் பெயர் துரோகத்துக்கு மறுபெயராயிற்று. ஜப்பானோடு கைகோத்த இந்தியர்களையும் பிரிட்டிஷ் பிரச்சாரம் இதே அளவுகோலால்தான் அளந்தது.

அந்த அளவுகோலின் போதாமையைக் காட்டுவது பாலக்காட்டுத் தரூரில் பிறந்த கே.பி. கேசவ மேனனின் வாழ்க்கை. 'மாத்ருபூமி' இதழின் முதல் ஆசிரியர். 1924 வைக்கம் சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். (அவரைப் போன்ற தலைவர்கள் சிறைப்பட்ட பின்னரே பெரியார் அங்கு சென்றார்.) 1927இல் மலாயாவுக்குப் பெயர்ந்து வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1942 ஜூனில் பாங்காக் மாநாடு அமைத்த செயற்குழுவில் ராஷ் பிஹாரி போஸ், மோகன் சிங், என். ராகவன், ஜிலானி ஆகியோருடன் அவரும் இடம்பெற்றார்.

செயற்குழு ஜப்பானிடம் கேட்டது படையோ பணமோ மட்டுமன்று, எழுத்துபூர்வமான உறுதிமொழி. விடுதலை பெற்ற இந்தியாவின் இறைமையை ஜப்பான் ஏற்குமா? இந்திய தேசிய ராணுவம் எவர் ஆணைக்கு உட்பட்டது? தோக்கியோவிலிருந்து வந்தவை மழுப்பல்களே. மலாயாத் தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில்பாதைக்கு அனுப்பிய ஓர் ஆட்சியிடம் அந்த வினாக்கள் வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. 1942 டிசம்பரில் மேனன் பதவி விலகினார். மோகன் சிங் கைதானார். சுபாஷ் சந்திர போஸ் வந்த பின்னும் மேனன் இணங்கவில்லை. 1944இல் ஜப்பானியர் அவரைச் சிறையிலிட்டனர். போர் முடியும்வரை விடுதலை இல்லை.

நார்வேயிலும் எதிர்ப்பு இவ்வடிவம் கொண்டதுண்டு. 1940 டிசம்பரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூட்டாகப் பதவி துறந்தனர். 1942இல் ஆயர்களும் அவ்வாறே செய்தனர். ஆனால் நார்வேயர் இழந்தது சொந்த அரசை. மலாயா இந்தியர்க்கோ இழக்க அரசே இல்லை. வெளியேறியதும் ஆக்கிரமிப்பாளர், வந்ததும் ஆக்கிரமிப்பாளர். ஆகவே ஒத்துழைப்பு, எதிர்ப்பு என்ற இரு பெட்டிகளில் இவர்களை அடைப்பது கடினம்.

ராகவனும் அந்த டிசம்பரில் விலகியவரே. ஆயினும் பின்னர் திரும்பிவந்து போஸின் தற்காலிக அரசில் நிதித்துறையை ஏற்றார். 1945 அக்டோபரில் ஆஸ்லோவில் குவிஸ்லிங் சுட்டுக்கொல்லப்பட்டார். சுதந்திர இந்தியாவோ மேனனைக் கொழும்புக்குத் தூதராக அனுப்பியது, ராகவனைப் பீக்கிங்குக்கு. 1954இல் பஞ்சசீலத்தை உள்ளடக்கிய திபெத் ஒப்பந்தத்தில் இந்தியாவின் சார்பில் கையெழுத்திட்டவர் ராகவனே.