ஆலை நிழலில் ஒரு மழலைக்கூடம்

1816ஆம் ஆண்டு, ஜனவரித் திங்கள் முதல் நாள். ஸ்காட்லாந்து நாட்டிலே, கிளைடு ஆற்றங்கரையிலே, நியூ லனார்க் என்றொரு நூற்பாலைச் சிற்றூர். அன்று அங்கே மன்னன் எவனும் முடிசூடவில்லை. படைத்தலைவன் எவனும் வாகை சூடி வீதிவலம் வரவில்லை. ஒரு கட்டடம் திறக்கப்பட்டது, அவ்வளவே! ஆனால் அந்தக் கட்டடத்திற்குள் அடியெடுத்து வைத்தவர்கள் யார்? அப்போதுதான் நடைபழகும் மழலைகள். ஓடித் திரியும் மூன்று வயதுச் செல்வங்கள். ஐந்து வயது ஆகிவிட்டதால் தம்மைப் பெரியவர்களென்று எண்ணிக்கொண்டிருந்த சிறுவர் சிறுமியர். பஞ்சாலைத் தொழிலாளியின் பிள்ளைகள் அத்தனை பேரும்!

வாட்டர்லூ களத்திலே நெப்போலியன் வீழ்ந்து ஆறு திங்களே கழிந்திருந்த நேரம் அது. வாட்டர்லூவைப் பற்றித் தேர்விலே வினா வருகிறது. எத்தனை குதிரை, எத்தனை பீரங்கி என்று மாணவன் மனப்பாடம் செய்கிறான். நியூ லனார்க்கைப் பற்றி வினா வருவதில்லை. வரலாற்றுப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

அந்த ஆலையின் கதை 1780களிலே தொடங்குகிறது. டேவிட் டேல் என்னும் வணிகர் அதனை நிறுவினார். 1786இல் நூல் நூற்கத் தொடங்கிற்று. ஆற்று நீர் சக்கரத்தைச் சுழற்றியது. சக்கரம் கதிர்களைச் சுழற்றியது. கதிர்களுக்கு இடையே புகுந்து அறுந்த இழையை முடிவதற்குச் சின்னஞ்சிறு விரல்கள் தேவைப்பட்டன. எங்கே கிடைத்தன? எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களின் ஏழையர் விடுதிகளிலே! ஏறத்தாழ 500 பிள்ளைகள், அவர்களிலே ஆறேழு வயதுடையோரும் பலர், காலை ஆறு மணி முதல் மாலை ஏழு மணி வரை ஆலையிலே நின்றனர். டேல் கொடியவர் அல்லர். அந்நாளைய ஆலை முதலாளிகளுள் இரக்கமுள்ளவர் என்று பெயர் பெற்றவர். இரக்கமுள்ளவரின் ஆலையே இப்படி என்றால் மற்றவற்றை எண்ணிப் பாருங்கள். அங்கே நூற்கப்பட்ட பஞ்சோ, அமெரிக்காவின் தென்பகுதியிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் அடிமைகளின் வியர்வையிலே விளைந்தது. இந்தக் கதையிலே ஒளி வரும் இடத்தைக் காணும்போதும் இந்த இருளை மறந்துவிடலாகாது.

1800ஆம் ஆண்டின் முதல் நாளில் ஆலை நிருவாகத்தை ஏற்றார் டேலின் மருமகன் இராபர்ட் ஓவன். வேல்ஸ் நாட்டிலே சேணம் தைப்பவரின் மகனாகப் பிறந்தவர். பத்து வயதிலே துணிக்கடை வேலைக்குப் போனவர். ஏழையர் விடுதிப் பிள்ளைகளை வாங்குவதை அவர் நிறுத்தினார். பத்து வயது நிரம்பாத பிள்ளைக்கு ஆலையிலே வேலையில்லை என்றார். அப்படியானால் பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் எங்கே போவது? தாயும் ஆலையிலே, தந்தையும் ஆலையிலே. தொட்டிலை ஆட்டுவது யார்? நடை பழகும் பிள்ளை ஆற்றங்கரைக்குப் போய்விடாமல் பார்ப்பது யார்? அந்தக் கேள்விக்கு விடையாக எழுந்ததுதான் அந்தக் கட்டடம். அதற்கு ஓவன் இட்ட பெயர் ‘குணநலன் உருவாக்கும் நிலையம்’.

பெயரைக் கவனியுங்கள், தோழர்களே! குழந்தைக் காப்பகம் என்று வைக்கவில்லை. அன்னதானக் கூடம் என்று வைக்கவில்லை. குணம் உருவாக்கப்படும் பொருள் என்று பலகை எழுதி வைத்தார். பிறக்கும்போதே மனிதன் பாவி என்று ஞாயிறுதோறும் பாதிரியார்கள் போதித்துக்கொண்டிருந்த நாடு அது. ஏழையின் பிள்ளை திருடினால் அது அவன் இரத்தத்தின் குற்றம். குடித்தால் அது அவன் பிறப்பின் குற்றம். ஓவன் இந்த வாதத்தின் ஆணிவேரிலேயே கை வைத்தார். மனிதனின் குணத்தை அவன் தானே ஆக்கிக்கொள்வதில்லை. சூழலே ஆக்குகிறது என்றார். அதை 1813இல் வெளிவரத் தொடங்கிய ‘சமுதாயத்தைப் பற்றிய புதிய பார்வை’ என்னும் கட்டுரைகளிலே எடுத்துரைத்தார். சூழல்தான் ஆக்குகிறது என்றால் எப்போது தொடங்குவது? பத்து வயதிலா? அதற்குள் பாதிக் குணம் உருவாகி முடிந்திருக்குமே! ஆகவேதான் ஓராண்டுக் குழந்தையிடம் போனார்.

அந்த மழலைக்கூடத்திற்கு அவர் வகுத்த விதிகள் மிகச் சில. எந்தக் குழந்தையையும் எக்காரணம் கொண்டும் அடிக்கக் கூடாது. கடுஞ்சொல் கூறக் கூடாது. ஏடுகளைக் கொடுத்துத் தொல்லை செய்யக் கூடாது. உடன் விளையாடும் பிள்ளையைத் துன்புறுத்தாமல், அது மகிழும்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஒவ்வொரு குழந்தைக்கும் அதற்குப் புரியும் மொழியிலே சொல்ல வேண்டும். இவற்றோடு இன்னொன்று: நான்கு முதல் ஆறு வயது வரை உள்ளவர்கள் தம்மினும் இளைய குழந்தைகளிடம் தனிக் கருத்துக் காட்ட வேண்டும்; ஒருவரையொருவர் மகிழ்விக்க அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும்.

இந்தக் கடைசி விதிதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. ஒரே வயதுடைய இருபது குழந்தைகளை ஓர் அறையில் விட்டால் என்ன ஆகும்? இருப்பது ஒரு பந்து. கைகள் இருபது இணை. எல்லோரும் சமவலிமை உடையவர், எல்லோரும் போட்டியாளர். விட்டுக்கொடுப்பது என்பது அங்கே தோற்பது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் முன்னே ஓராண்டுக் குழந்தை தள்ளாடி வந்து நிற்கும்போது அந்தப் பிள்ளைக்கு ஒரு புதிய நிலை ஏற்படுகிறது. அவன் நினைத்தால் தள்ளிவிடலாம், தடுப்பார் இல்லை. நினைத்தால் கைகொடுக்கலாம். வலியவன் எளியவனிடம் எப்படி நடந்துகொள்வது என்னும் கேள்வி, உலகத்து அரசுகள் எல்லாம் இன்றுவரை விடை காணாத கேள்வி, அந்த விளையாட்டுத் திடலிலே ஐந்து வயதுக்காரனிடம் வைக்கப்பட்டது. வேதநூல் வாசகத்தால் அன்று, ஒரு குழந்தையால்!

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குத் துணை என்னும் எண்ணம் அந்நாளைய பிரிட்டனுக்கு எங்கிருந்து போயிற்று என்று தேடினால், வழி சென்னைப் பட்டினத்தைத் தொடுகிறது! ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789இல் எழும்பூரிலே ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்கான அனாதை விடுதிப் பள்ளியை நடத்தினார். ஒருநாள் காலை குதிரையேறிச் செல்கையில், நம் நாட்டுப் பள்ளியொன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்தெழுதிப் பழகுவதைக் கண்டார். அந்த முறையைத் தம் பள்ளிக்குக் கொண்டுபோய், கற்ற பிள்ளையையே கல்லாத பிள்ளைக்கு ஆசிரியனாக்கினார். 1797இல் இலண்டனிலே அதை நூலாக வெளியிட்டார். ‘சென்னை முறை’ என்று அது பெயர் பெற்றது. ஜோசப் லங்காஸ்டர் என்பாரும் அதுபோன்ற முறையைப் பரப்பினார்.

இந்த இருவர் முயற்சிக்கும் பணம் கொடுத்தவர் ஓவன். அதைப் பற்றி அவர் தன்வரலாற்றிலே கூறும் செய்தி சுவையானது. லங்காஸ்டருக்கு 1000 பவுன் கொடுத்தார். பெல்லின் சங்கத்தாரிடம், எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளியைத் திறந்தால் 1000 பவுன், தம் திருச்சபைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்றால் 500 பவுன் என்றார். சங்கத்தார் கூடி ஆராய்ந்தனர். 500 போதும் என்றனர்! கதவை அடைப்பதற்கு அவர்கள் கொடுத்த விலை 500 பவுன்.

ஆனால் சென்னை முறைக்கும் நியூ லனார்க் முறைக்கும் வேற்றுமை உண்டு. பெல்லின் பள்ளியிலே மூத்தவன் இளையவனுக்குச் சட்டாம்பிள்ளை. செலவு குறைய வேண்டும் என்பது நோக்கம். ஓவனின் கூடத்திலே மூத்தவன் இளையவனுக்கு அண்ணன். வேலை வாங்கும் ஏற்பாடு அன்று; பழகும் ஏற்பாடு.

அங்கே ஆசிரியர்கள் யார்? ஜேம்ஸ் புக்கானன் என்னும் நெசவாளி. சரளமாக எழுதப் படிக்கவும் வராது. துணைக்கு மோலி யங் என்னும் பதினேழு வயது ஆலைப் பெண். பிள்ளைகளிடம் அன்பும் அளவற்ற பொறுமையும் உடையவர்கள் என்பதே அவர்களுக்குரிய தகுதி. பட்டம் பெற்ற நான் இதைப் படித்துச் சற்றே முகம் சுளித்தேன் என்பதை மறைப்பானேன்! நியூயார்க் நகரத்து ஜான் கிரிஸ்கம் என்னும் வேதியியல் பேராசிரியர் 1819இல் அங்கே போனார். ஓராண்டு முதல் மூன்று நான்கு ஆண்டு வரையிலான குழந்தைகள் ஒரு பெரிய அறையில், அறிவுள்ள ஒரு பெண்ணின் பொறுப்பிலே, பொம்மைகளோடு விளையாடிக்கொண்டிருந்ததையும், அவர்களிலே பெரியவர்களை அவ்வப்போது கூட்டி அவர் எழுத்துச் சொல்லித் தந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் ருசியாவின் ஜார் ஆன நிக்கலசும் 1816இல் வந்து பார்த்தார். பார்த்து என்ன கற்றார் என்பதை அவர் ஆட்சி காட்டிற்று!

எதிர்ப்பு எழாமல் இருக்குமா? 1817 ஆகஸ்டுத் திங்களில் இலண்டன் கூட்டமொன்றிலே, உலகத்துச் சமயங்கள் அனைத்தும் பிழையின் மீது எழுந்தவை என்று ஓவன் முழங்கினார். அன்று முதல் மதவாணர்க்கு அவர் பகைவர். 1824இல் ஆலையின் பங்காளிகள், அவர்களிலே முன்னின்ற வில்லியம் ஆலன் பக்திமான், பள்ளியிலே கைவைத்தனர். நடனப் பாடம் நிற்க வேண்டும்; வேதநூல் நுழைய வேண்டும்; ஆறு வயது கடந்த சிறுவர் கால்சட்டை அணிய வேண்டும்! ஸ்காட்லாந்துப் பையன்களின் முழங்கால் தெரிவதுகூடப் பக்தியைக் கெடுத்துவிடும் போலும். ஓவன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

அதற்கு முன்பே புக்கானன் இலண்டனுக்கு அழைக்கப்பட்டு, வெஸ்ட்மின்ஸ்டரிலே மழலைப் பள்ளி தொடங்கியிருந்தார். இந்திய வரலாறு எழுதிய ஜேம்ஸ் மில் அதன் புரவலர்களுள் ஒருவர். அந்தப் பள்ளியைக் காணப் போன ஓவன் கண்ட காட்சி: புக்கானனின் மனைவி கையிலே சவுக்கை ஓங்கிக் குழந்தைகளை மிரட்டிக்கொண்டிருந்தார்! பெயர் வந்துவிட்டது, பண்பு வரவில்லை. 1820இல் தொடங்கிய சாமுவேல் வில்டர்ஸ்பின், மழலைகளைப் படிப்படியாக உயரும் இருக்கைகளில் வரிசையாக அமர்த்தினார். சிறிதும் பெரிதும் ஒரே கூரையின் கீழ்தான். ஆனால் முன்னால் இருப்பவன் பிடரியைப் பின்னால் இருப்பவன் பார்க்கிறான். முகம் பார்க்காத இடத்தில் அண்ணன் ஏது, தம்பி ஏது? இந்த வழியிலே நடந்து நடந்து, 1905இல் இங்கிலாந்தின் பெண் ஆய்வாளர்கள் ஐந்து வயதுக்குட்பட்டோர் வகுப்புகளைச் சோதித்தபோது, மூன்று வயதுக் குழந்தைகள் பட்டாளத்தார் போல் அசையாமல் அமர்த்தப்பட்டிருந்ததைக் கண்டித்து எழுத நேர்ந்தது.

பிரான்சு வேறு வழியிலே போயிற்று. இரண்டு வயது முதல் குழந்தைகளை ஏற்கும் கூடங்கள் அங்கே இருந்தன. அதற்கும் கீழே உள்ள பச்சிளங்குழந்தைக்கு இடமில்லை. இந்த இடைவெளியைக் கண்ட ஃபிர்மின் மார்போ 1844 நவம்பரிலே பாரிசிலே கைக்குழந்தைகளுக்கென்று தனிக் காப்பகம் திறந்தார். வேலைக்குப் போகும் ஏழைத் தாய் இடையிலே வந்து பாலூட்டிச் செல்லலாம். நல்ல ஏற்பாடே. ஆனால் தாய் நன்னடத்தை உடையவளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் இருந்தது! பாலுக்கு அழும் குழந்தையிடம் தாயின் நடத்தைச் சான்று கேட்கும் தருமம் அது. கைக்குழந்தை ஒரு வாசல், நடக்கும் பிள்ளை மறு வாசல் என்னும் பிரிவினை இவ்வாறு நிலைத்தது.

பிரிப்பதற்குக் காரணமே இல்லை என்று நான் வாதாடவில்லை. பெரிய பிள்ளை கொண்டுவரும் தட்டம்மையும் கக்குவானும் கைக்குழந்தையின் உயிரைக் குடிக்கும். தடுப்பூசி இல்லாத காலத்திலே அது வெறும் அச்சம் அன்று. தவழும் குழந்தைக்கு அமைதி வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓட்டம் வேண்டும். மூத்த பிள்ளை கையாளும் சிறு மணி இளையதன் தொண்டைக்குப் போகும்.

எனக்கு இவற்றினும் பெரிதாய்ப் படுவது வேறொன்று. நான் பணியாற்றும் பள்ளியிலே ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. தாய் வேலைக்குப் போகும் நாளிலே அவளுக்கு வருகைப் பதிவேட்டிலே சுழியம். தம்பி அவள் இடுப்பிலே. மூத்தவள் இளையவனைப் பார்த்துக்கொள்வது எவ்வளவு அழகு என்று பாராட்டுவோர் உண்டு. அழகு யாருக்கு? அவளுடைய அண்ணன் ஏழாம் வகுப்பிலே ஒருநாள்கூட விடுபடாமல் அமர்ந்திருக்கிறான்! ஓவனின் விதி ஆண் பெண் என்று பார்க்கவில்லை. நான்கு முதல் ஆறு வரை உள்ள எல்லோர்க்கும் பொது. பொறுப்பு புக்கானனுடையது, மோலி யங்குடையது. பிள்ளைக்கு இருந்தது பழக்கம் மட்டுமே. பெரியவர் இல்லாத இடத்திலே சிறுமியை நிறுத்துவதும், பெரியவர் இருக்கும் இடத்திலே சிறியோரைச் சேர்த்து விடுவதும் ஒன்றல்ல.

சுவீடன் நாட்டார் இதை நிதானமாக ஆராய்ந்தனர். 1968இல் அமைக்கப்பட்ட அரசுக் குழு 1972இல் அறிக்கை தந்தது. இரண்டரை வயது வரை தனிச் சிறு குழு. இரண்டரை முதல் ஏழு வரை எல்லோரும் கலந்த ‘உடன்பிறப்புக் குழு’. 1980களிலே பல இடங்களில் ஓராண்டுக் குழந்தைகளும் அந்தக் கலப்புக் குழுவிலே சேர்க்கப்பட்டனர். கலப்பது அன்புக்காகவா, அறைகளைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தவா என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய இடம் இது. பெல்லின் கணக்கு மீண்டும் தலைகாட்டக்கூடும்.

நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி ஒளிந்துகொண்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தன் 48ஆம் பிரிவிலே, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பறை வேண்டும் என்றது; 1976இல் அந்த எண் 30 ஆயிற்று. கைக்குழந்தையும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரே சொல்லிலே அடக்கப்பட்டனர். வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், தூய்மை வேண்டும், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்களின் பொறுப்பில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அப்பிரிவு கூறிற்று. எத்தனை குழந்தைக்கு எத்தனை பெண்கள் என்று மட்டும் கூறவில்லை.