நுண்துளைப் பொருள்களில் ஹைட்ரஜன்: நியூட்ரான் விளிம்புவிளைவு ஆய்வு

நியூட்ரான் விளிம்புவிளைவு என்பது, நுண்துளைப் பொருளுக்குள் ஹைட்ரஜன் மூலக்கூறுகள் எந்தெந்த இடங்களில் ஒட்டுகின்றன என்று கண்டறியும் முறை. வாகனங்களில் ஹைட்ரஜனை 700 பார் அழுத்தத்தில் அடைக்கிறார்கள். திரவமாக்க மைனஸ் 253 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும். இந்தச் சுமையைக் குறைக்கவே நுண்துளைப் பொருள்கள் ஆராயப்படுகின்றன.

நியூட்ரானின் தேவை: எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களால் சிதறுகின்றன. ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் ஒன்றே என்பதால் அது மங்கலாகவே தெரியும். நியூட்ரான் அணுக்கருவால் சிதறுவதால் ஹைட்ரஜனும் புலப்படுகிறது. சாதாரண ஹைட்ரஜன் பின்னணி இரைச்சலை மிகுவிப்பதால் அதன் கன ஐசோடோப்பான டியூட்டீரியம் பயன்படுத்தப்படுகிறது.

செய்முறை: மாதிரியை வெற்றிடத்தில் சூடாக்கி, துளைகளில் தங்கியவற்றை வெளியேற்றுகிறார்கள். வெற்று மாதிரியை முதலில் அளந்து, பின்னர் டியூட்டீரியத்தை அளவளவாகச் செலுத்தி, கடுங்குளிரில் மீண்டும் அளக்கிறார்கள். இரண்டுக்குமுள்ள வேறுபாடே மூலக்கூறுகளின் இருப்பிடத்தைக் காட்டுகிறது.

முக்கிய முடிவு: எம்ஓஎஃப்-5 என்னும் உலோக-கரிமச் சட்டகத்தில், துத்தநாக ஆக்சைடு கொத்தை ஒட்டிய குழிவுகளே முதலில் நிரம்புகின்றன என்று 2005-இல் அமெரிக்காவில் யில்டிரிம், ஹார்ட்மன் ஆகியோர் காட்டினர். இத்தகைய சட்டகங்களை உருவாக்கிய கிடகாவா, ராப்சன், யாகி மூவரும் 2025-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்தியாவில்: நியூட்ரான் விளிம்புவிளைவு ஆய்வுகளின் முதன்மைக் களம், 1985 முதல் இயங்கும் டிராம்பேயின் 100 மெகாவாட் துருவா அணு உலை.