ஹேக் வகுப்பறையும் கல்முனை வளவும்

‘பெண்களும் அபிவிருத்தியும்’ என்ற கற்கைநெறி 1979இல் நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சமூகக் கற்கைகள் நிறுவகத்தில் தொடங்கியது. 1952இல் உருவான அந்த நிறுவகத்துக்கு ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் ஆசிரியர்களும் அரச அலுவலர்களும் படிக்க வருவது வழக்கம். 1975ஆம் ஆண்டைப் பெண்கள் ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்து மெக்சிகோ நகரில் மாநாடு கூட்டிய பின், அபிவிருத்தித் திட்டங்களில் பெண்ணின் உழைப்பு ஏன் கணக்கில் வருவதில்லை என்ற கேள்வி பல்கலைக்கழகங்களுக்குள்ளும் நுழைந்திருந்தது.

கற்கைநெறியைத் தொடக்கி வைத்த மரியா மீஸ் ஜெர்மன் சமூகவியலாளர். 1960களில் புனேயில் ஜெர்மன் மொழி கற்பித்தவர். ஆந்திராவின் நரசாப்பூரில் சரிகைப் பின்னல் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய அவரது ஆய்வு 1982இல் நூலானது. வீட்டுத் திண்ணையில் இருந்து ஊசியும் நூலுமாக அவர்கள் பின்னியது கடல் கடந்து விற்பனையானது, வியாபாரிகள் செல்வந்தரானார்கள். பின்னியவர்களோ ஊர்க்கணக்கில் ‘வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள்’. கிழக்கிலங்கையில் பாய் இழைக்கும் பெண்ணைப் பற்றியும் இதையே சொல்லலாம்.

இலங்கையிலிருந்து அங்கே கற்பிக்கப் போனவர் குமாரி ஜயவர்த்தன. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் கற்பித்துவந்த அவர், 1980களின் தொடக்கத்தில் ஹேக்கில் ஆற்றிய விரிவுரைகளை விரித்தெழுதி, மூன்றாம் உலகில் பெண்ணியமும் தேசியவாதமும் பற்றிய புகழ்பெற்ற நூலாக 1986இல் வெளியிட்டார். பெண்ணியம் மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்ற வாதத்துக்கு எகிப்து, துருக்கி, சீனா, இந்தியா, இலங்கை முதலிய நாடுகளின் வரலாற்றைக் கொண்டே அவர் பதில் சொன்னார். ஐரோப்பாவில் கற்பிப்பதற்காகத் திரட்டிய அந்த வரலாறு, பின்னர் ஆசிய வகுப்பறைகளுக்கே பாடநூலாகத் திரும்பி வந்தது. ஆசிரியர் பரிமாற்றம் தந்த பலன்களில் இதைவிடப் பெரியதைச் சொல்வது கடினம்.

தமிழ்ப் பெண்கள் இருவர் அந்த நிறுவகத்தில் படித்தார்கள். சித்திரலேகா மௌனகுரு யாழ்ப்பாணத்தில் பெண்கள் ஆய்வு வட்டத்தில் இயங்கியவர். ஈழத்துப் பெண் கவிஞர்களின் முதல் தொகுப்பான ‘சொல்லாத சேதிகள்’ 1986இல் அவ்வட்டத்தின் வெளியீடாக வந்தது. பின்னர் அவர் வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். செல்வி திருச்சந்திரன் கொழும்பில் பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனத்தை நடத்தி, ‘நிவேதினி’ ஆய்விதழைத் தமிழிலும் கொண்டுவந்தார். வெளிநாட்டுப் படிப்பு தமிழில் எழுத்தாகவும் விவாதமாகவும் மாறியது இவர்கள் போன்றோரின் உழைப்பால்தான்.

அவர்கள் கொண்டுவந்த கேள்விகளுக்கு இலங்கையின் கிழக்குக் கரை எளிதில் பிடிகொடுக்கவில்லை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது போன்ற முஸ்லிம் ஊர்களை எடுத்தாலும் கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பாலுள்ள சொறிக்கல்முனைப் பக்கத்துத் தமிழ்க் கிராமங்களை எடுத்தாலும், இந்தக் கரையின் பொது வழக்கம் ஒன்றே: மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு அவளுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் இளைய பெண்களோடு அதே வளவில் வேறொரு சிறு வீட்டுக்கு நகர்வார்கள். குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியே வரும். ஆனால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரும் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயரும் ஆண்களே. இந்தத் தாய்வழி உரிமை சட்டமாகவும் இருந்தது: மட்டக்களப்புப் பகுதியின் முக்குவர் சமூக வழக்குச் சட்டத்தைக் கிறிஸ்டோபர் பிரிட்டோ 1876இல் நூலாக்கினார். கல்லோயாத் திட்டம் போன்ற அரச குடியேற்றங்களின் காணிகளுக்கோ 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான். அதன் வாரிசு வரிசை மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியது. வீடு பெண் வழியிலும் வயல் ஆண் வழியிலும் போகும் நிலை இப்படி உண்டானது.

உள்நாட்டுப் போர் இந்தச் சிக்கலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1990 ஜூனில் சண்டை மீண்டும் மூண்ட பின் கணவரை இழந்த, கணவர் காணாமல்போன பெண்கள் கிழக்கெங்கும் குடும்பச் சுமையை ஏற்றார்கள். அவர்களைப் பற்றிய செல்வி திருச்சந்திரனின் நூல் 1999இல் வந்தது. தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்கள் மூவகையினரையும் கிழக்கில் சந்தித்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்தவர் கஞ்சனா ருவன்புர. தாய்வழிச் சொத்து இருந்தும் ஆணாதிக்க வழமைகள் பெண்ணை விட்டபாடில்லை என்பது 2006இல் வெளிவந்த அவரது நூலின் முடிவு. வீடு தன் பேரில் உள்ள விதவைக்கும் அன்றாட வருமானமும் உறவினரின் ஒப்புதலும் தனித்தனிப் போராட்டங்களாகவே இருந்தன.

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியாகக் கடல் பொங்கி, கல்முனைக் கரையோரத்தில் பல்லாயிரம் உயிர்களோடு பெண்களின் சீதன வீடுகளையும் கொண்டுபோனது. மாற்றுக் குடியிருப்புகளில் கட்டிய புதிய வீடுகள் பல இடங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்ற முறையில் கணவர் பேருக்கே எழுதப்பட்டன. பழைய வீட்டின் உறுதிப் பத்திரம் மனைவியின் பேரில் இருந்ததா என்று எழுதிக் கொடுத்தவர்களில் பலர் கேட்கவே இல்லை. இது நேரடியான அநீதி. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் கூட்டு உரிமை கேட்டுக் குரல் எழுப்பின.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரேயும் பட்ரீசியா லோரன்ஸும் சுனாமிக்குப் பின் கரையோரத்தில் சீதன வீடுகளுக்கு நேர்ந்ததை ஆராய்ந்தார்கள். அந்தக் கட்டுரை 2010இல் மெக்கில்வ்ரேயும் மிஷேல் கம்பர்டும் பதிப்பித்த தொகுப்பில் உள்ளது. மெக்கில்வ்ரே அதே கரையிலுள்ள அக்கரைப்பற்றுக்கு முதலில் வந்தது 1969இல். தாய்வழி வீட்டுரிமையை அப்போதே குடி குடியாகக் கேட்டுப் பதிந்திருந்ததால், புதிய உறுதிப் பத்திரங்களில் பெண்கள் எதை இழந்தார்கள் என்பதைப் பழைய வழமையோடு ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது.