மலைப் பாதைக்கு ஒரு சிறிய கார்: லிந்துலையில் வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் நாட்டுக்குள் இருந்த பழைய கார்களே கை மாறிக் கை மாறி விற்கப்பட்டன. ஐந்து வருடம் ஓடிய கார் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விலைபோன விசித்திரத்தையும் பார்த்தோம். இப்போது புதிய சிறிய கார்கள் மறுபடியும் விற்பனைக்கு வந்திருக்கின்றன. தலவாக்கலை, ஹட்டன் நகரங்களில் லீசிங் விளம்பரங்களும் அவற்றோடு வந்துவிட்டன.

தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவை எட்டியதே 2024 செப்டெம்பரில்தான். அந்தச் சம்பளத்தை வைத்துப் புதுக் கார் பற்றி எழுதுவது கேலி செய்வதாகிவிடும். ஆனால் லிந்துலையில் கார் வாங்குவது பெரும்பாலும் ஒரு ஆளல்ல, ஒரு குடும்பம். ஆசிரியையாக இருக்கும் மகள், கொழும்பில் கடையில் நிற்கும் மகன், மத்திய கிழக்கில் சில வருடம் உழைத்த அம்மா என்று மூன்று நான்கு பேருடைய சேமிப்பு ஒன்றாகச் சேர்ந்துதான் முற்பணமாகிறது. இரவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ தேடி அலைந்தவர்களுக்கு, முன்பு தோட்ட லொறியில் நோயாளியை ஏற்றியதைப் பார்த்தவர்களுக்கு, அந்தக் கார் ஆடம்பரமல்ல. அப்படிச் சேர்ந்த பணம் தவறான வண்டியில் போனால் திரும்பச் சேர இன்னொரு பத்து வருடமாகும்.

முதலில் மேட்டைப் பற்றிப் பேசுவோம். கொழும்பில் நன்றாக ஓடும் கார் இங்கே திணறுவதற்கு வீதி மட்டும் காரணமல்ல, காற்றும் காரணம். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைகிறது. டேர்போ இல்லாத சாதாரண பெற்றோல் எஞ்சின், ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் தன் வலுவில் ஏறத்தாழ 10 வீதத்தை இழக்கும். தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1200 மீற்றர், நுவரெலியா ஏறத்தாழ 1870 மீற்றர். லிந்துலை இரண்டுக்கும் நடுவே, ஏ7 வீதியில் இருக்கிறது.

இந்தக் கணக்கை நம் ஊரில் எங்கும் காணக்கூடிய மாருதி சுசூகி அல்டோ 800இல் போட்டுப் பாருங்கள். அதன் 796 சீசீ எஞ்சின் தருவது 48 குதிரைவலு. நுவரெலியா போய்ச் சேரும்போது அது 40க்குக் கிட்ட இறங்கியிருக்கும். வண்டியின் எடை 700 கிலோவைச் சுற்றியது என்பதால்தான் அது இன்னும் ஏறுகிறது. ஆனால் ஐந்து பேரும் ஒரு மூடை அரிசியும் ஏறினால் எடையில் இன்னும் பாதி கூடிவிடும். இரண்டாம் கியரை விட்டு மாற முடியாமல் அக்கரப்பத்தனைப் பக்கம் போகும் அல்டோக்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அல்டோ 800இன் உற்பத்தி 2023இல் நின்றுவிட்டது. அதன் இடத்திலிருக்கும் அல்டோ கே10, 998 சீசீ எஞ்சினோடு 67 குதிரைவலு தருகிறது. எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே மலையில் வசிப்பவர் 800 சீசீ வகைக்கும் 1000 சீசீ வகைக்கும் இடையில் தடுமாறினால் 1000ஐ எடுப்பதே சரி. இங்கே சிறிய எஞ்சின் எப்போதும் முக்கிக்கொண்டே ஓடுவதால், எண்ணெய்ச் செலவில் மிச்சமாகும் என்று நினைத்ததும் அவ்வளவாக மிச்சமாகாது.

ஜப்பானின் 660 சீசீ கார்களும், வெகன்ஆர் போன்றவை, இங்கு நிறைய உண்டு. டேர்போ இல்லாத வகைகளில் இவற்றின் வலு 50 குதிரைவலுவைச் சுற்றியே இருக்கும். ஹைப்ரிட் என்று எழுதியிருந்தாலும் அதிலுள்ள மின்மோட்டார் மிகச் சிறியது. கிளம்பும்போது ஒரு கை கொடுக்குமே தவிர நீண்ட ஏற்றத்தில் அதை நம்ப முடியாது. இவற்றில் பெரும்பாலானவை சீவீரீ எனப்படும் தானியங்கி கியர் உள்ளவை. அந்தக் கியர்ப்பெட்டிக்கு உரிய எண்ணெயைச் சரியான காலத்தில் மாற்றாமல், முழுப் பாரத்தோடு மேட்டில் ஏற்றிக்கொண்டே இருந்தால், முதலில் சூடாகும், பிறகு செலவு வைக்கும். சில சிறிய இந்தியக் கார்களில் வேறொரு வகைத் தானியங்கி உண்டு. உள்ளே சாதாரண கிளட்ச்தான், அதை மிதிப்பது மட்டும் இயந்திரம். அது விலை குறைவு, கராஜ்காரருக்கும் புரியும். ஆனால் மேட்டில் நெரிசலில் அக்சிலரேட்டரை மிதித்தே வண்டியைப் பிடித்து நிறுத்தும் பழக்கம் இருந்தால் கிளட்ச் தேய்ந்துவிடும். கைபிரேக்கைப் பாவிக்க வேண்டும்.

ஏறுவதை விட இறங்குவதுதான் இங்கே உயிர்ப் பிரச்சினை. 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் கொழும்பிலிருந்து மாணவர்களை ஏற்றி வந்த பேருந்து ஒரு வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் இறந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி தாழ்ந்த கியரில் வர வேண்டும். ஆகவே தானியங்கிக் கார் பார்க்கும்போது கியர்க் கம்பிக்கருகில் 'எல்', 'பி', 'எஸ்' என்று ஏதாவது ஓர் எழுத்து இருக்கிறதா, அல்லது கையால் கியர் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். 'டி' மட்டும் இருக்கும் காரை மலையில் வசிப்பவர் வாங்கக்கூடாது என்பது என் அபிப்பிராயம். ஏபிஎஸ் இல்லாத காரும் அப்படியே. மழையில் நனைந்த தேயிலை மலை வளைவில் சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்பதை ஓட்டுநர் தீர்மானிக்க முடியாது.

பாதுகாப்பு என்ற பேச்சில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு. குளோபல் என்காப் என்ற அமைப்பு 2014இல் காற்றுப்பை இல்லாத அல்டோ 800ஐ மோதிப் பரிசோதித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்கு அது பெற்ற நட்சத்திரம் பூச்சியம். 2023இல் அல்டோ கே10 பெரியவர்களுக்கு இரண்டும் குழந்தைகளுக்குப் பூச்சியமும் பெற்றது. அதே வருடம் இந்தியத் தயாரிப்பான வெகன்ஆர் பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்குப் பூச்சியம். விலை குறைந்த காரில் எதைக் குறைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தே வாங்க வேண்டும். இந்தியாவில் 2025இல் இருந்து சில மாருதி சிறிய கார்களுக்கு ஆறு காற்றுப்பைகள் வழக்கமாகப் பொருத்தப்படுகின்றன. இலங்கைக்கு வரும் வண்டியில் எத்தனை என்பதை விற்பவரின் வாய்ச்சொல்லில் கேட்காமல், விலைப் பத்திரத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பணம் குறைவாக இருந்தால் பெரிய திரை, பின்புறக் கமரா, அலுமினியச் சக்கரம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கலாம். ஏபிஎஸ்ஸையும் காற்றுப்பையையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஏசியையும் விட வேண்டாம். "இந்தக் குளிருக்கு ஏசி எதற்கு?" என்று கேட்டு, ஏசி இல்லாத அடிப்படை வகையை வாங்கியவர்கள் நம்மிடையே உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை லிந்துலைப் பக்கத்தில் நிற்காமல் பெய்யும்போது, நாலு பேரின் மூச்சிலும் நனைந்த குடையிலும் கண்ணாடி உள்ளே பனித்துவிடும். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால்தான் அந்தப் பனிப்பு ஒரு நிமிடத்தில் விலகுகிறது. துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டுவது ஆபத்து. பின் கண்ணாடியில் சூடேற்றும் கம்பியும் வைப்பரும் இருந்தால் இன்னும் நல்லது. வண்டியின் அடிப்பகுதி உயரமும் பார்க்க வேண்டியது. பிரதான வீதி தாரென்றாலும் தோட்டத்துக்குள் போகும் பாதை கல்லும் குழியும். அல்டோ 800இன் தரை இடைவெளி 160 மில்லிமீற்றர், ரெனோல்ட் குவிட்டினுடையது 180. அந்த 20 மில்லிமீற்றர், பாரம் ஏற்றிய நாளில் எண்ணெய்த் தொட்டி கல்லில் இடிபடுவதற்கும் தப்புவதற்கும் உள்ள வித்தியாசம்.

இனி 'புதுக் கார்' என்ற சொல். இலங்கையில் இதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று, ஏஜென்ட் கொண்டுவரும் சுத்தமான புது வண்டி. மற்றது, ஜப்பானில் ஓடி, இங்கே இன்னும் பதிவு செய்யப்படாத ரீகண்டிஷன் வண்டி. இரண்டாவதை வாங்குவது தவறல்ல. ஆனால் அதன் ஜப்பானிய ஏல அறிக்கையையும் ஏற்றுமதிச் சான்றிதழையும் கேட்டு, அதிலுள்ள சேசி இலக்கத்தையும் ஓடிய கிலோமீற்றரையும் வண்டியோடு ஒப்பிட வேண்டும். தர மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். கண்டிக்கோ கொழும்புக்கோ போய்த்தான் ஏஜென்டின் சேவை கிடைக்கும் என்றால், ஒவ்வொரு சேவைக்கும் ஒரு நாள் சம்பளமும் போக்குவரத்து எண்ணெயும் செலவு என்று கணக்கில் சேருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலின் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வரக்கூடும். பாவித்த வண்டியைப் பார்ப்பவர்கள் இருக்கைப் பட்டியை முழுதாக இழுத்து அதன் அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்கவும்.

நம்பகமான கார் என்பது பழுதே ஆகாத கார் அல்ல. 1990களில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40உம் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. அவை உயர்ந்த இயந்திரங்கள் என்பதாலல்ல, ஊர்க் கராஜில் எந்தப் பாகத்தையும் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் இருந்ததால். இன்றும் கேள்வி அதுதான். தலவாக்கலையில் பாகங்கள் கடை வைத்திருப்பவரிடம் போய், நீங்கள் நினைக்கும் வண்டியின் பெயரைச் சொல்லி, பிரேக் பேட், கிளட்ச் தட்டு, முன் விளக்கு மூன்றும் இன்று இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள். வடக்கே உறவினர் உள்ளவர்கள் இங்கு ஏராளம். 1977இலும் 1983இலும் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களின் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஓட வேண்டிய கார் அது. வழியில் மாங்குளத்தில் நின்றாலும் பாகம் கிடைக்கிற வண்டியாக இருக்க வேண்டும்.

மின்சாரக் கார்? உயரத்தால் அதன் வலு குறையாது. இறங்கும்போது மோட்டாரே பிரேக்காகிப் பற்றரியைக் கொஞ்சம் நிரப்பும். 2022இல் கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வரிசையில் நின்றவர்களுக்கு அதன் கவர்ச்சி புரியும். ஆனால் லயன் அறைக்கு முன்னால் கார் நிறுத்த இடமில்லை. பழைய வயரிங்கில் இரவு முழுவதும் சார்ஜ் போடுவது தீயோடு விளையாட்டு. சொந்த வீடும் தகுந்த மின்னிணைப்பும் உள்ளவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

பணம் பற்றி. தோட்டக் குடியிருப்பில் உள்ளவர்களில் பெரும்பாலானோரிடம் வீட்டுக்கோ காணிக்கோ உறுதி இல்லை. அதனால் வங்கியில் அடமானக் கடன் வழியடைபட்டு, வண்டியே பிணையாகும் லீசிங்தான் மிஞ்சுகிறது. வண்டியின் பெறுமதியில் எத்தனை வீதம்வரை கடன் தரலாம் என்பதற்கு மத்திய வங்கி எல்லை வைத்திருக்கிறது. அது மாறிக்கொண்டிருப்பதால் முற்பணம் சேர்க்கும் முன் அன்றைய நிலையைக் கேளுங்கள். அடுத்து, வட்டி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். 30 இலட்சம் ரூபா, 13 வீதம், 5 வருடம் என்று வைப்போம். மீதிக் கடனுக்கு மட்டும் வட்டி என்றால் மாதம் ஏறத்தாழ 68,300 ரூபா. ஆரம்பத் தொகைக்கே கடைசிவரை வட்டி என்றால் மாதம் 82,500 ரூபா. இரண்டையும் '13 வீதம்' என்றே சொல்லலாம். வித்தியாசம் மொத்தத்தில் ஏறத்தாழ எட்டரை இலட்சம். ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள், கிடைக்கும்வரை கையெழுத்து வேண்டாம். தவணை முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் லீசிங் நிறுவனமே என்பதையும் மறக்க வேண்டாம். முறைப்பாடு இருந்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

முழுக் காப்புறுதி என்ற பெயரை நம்பி விடாதீர்கள். மண்சரிவு, வெள்ளம் போன்ற இயற்கை அனர்த்தங்கள் உள்ளடங்குகின்றனவா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் என்பதும் தனியாகச் சேர்க்கப்படும் பிரிவு. வண்டியும் கடையும் எரிவதைப் பார்த்த குடும்பங்கள் அந்தச் சிறு கட்டணத்தை மிச்சம் பிடிக்க மாட்டார்கள்.

பரீட்சார்த்த ஓட்டத்தை விற்பனைக் கூடத்தின் முன்னாலுள்ள சமதரையில் முடித்துவிட வேண்டாம். நாலு பேரை ஏற்றி, மேட்டின் நடுவில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். வண்டியைப் பொறுப்பெடுக்கும் நாளில் ஐந்தாவது டயர் உட்பட எல்லா டயர்களின் பக்கவாட்டிலும் உள்ள நான்கு இலக்கங்களை வாசியுங்கள். 3225 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்தது. நாலைந்து வருடப் பழைய டயரோடு 'புதுக் கார்' தந்தால், சாவியை வாங்கும் முன் மாற்றித் தரச் சொல்லுங்கள்.