முள்ளங்கி இரவு

மெக்சிகோவின் வாஹாகா நகரில் ஆண்டுதோறும் டிசம்பர் 23 அன்று நடக்கும் சிற்பப் போட்டி. கிறிஸ்துமஸ் சந்தையில் ஆட்களை இழுக்க வியாபாரிகள் முள்ளங்கியைச் செதுக்கி வைத்ததில் பிறந்த வழக்கம். 1897இல் முறையான போட்டியானது.

இதற்கென்றே வளர்க்கும் சிவப்பு முள்ளங்கியை அறுவடைக் காலம் கடந்தும் மண்ணிலேயே விட்டுவைப்பார்கள். அது பெருத்து, கோணல்மாணலாக முறுக்கிக்கொள்ளும். சமையலுக்கு ஆகாது. சிற்பிக்கோ அந்தக் கோணல்தான் முதல்: கிளைத்த வேர் கால்களாகும், தோலைச் சீவினால் தெரியும் வெள்ளைச் சதை முகமாகும், உடையில் பூவேலையாகும். இயேசு பிறந்த தொழுவம், ஊர்த் திருவிழா நடனம் எனக் காட்சிகள் விரியும். செதுக்கிய முள்ளங்கி சில மணி நேரத்திலேயே வாடத் தொடங்கும் என்பதால் விடாமல் தண்ணீர் தெளிக்கிறார்கள். சோள மட்டைக்கும் உலர்பூவுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. கூட்டம் என்னவோ முள்ளங்கிக்குத்தான்.