சத்திரத்து நள்ளிரவு மணி

பழனிக்கோ இராமேசுவரத்துக்கோ நெடுவழி நடந்து செல்லக் கருதுவோரிடையே இன்று எழும் முதல் வினா, இராத் தங்கலுக்கு முன்னரே இடம் பதிந்து கொள்வதா, சென்றவிடத்தில் பார்த்துக் கொள்வதா என்பதாகும். வினா புதிது போல் தோன்றினும் அதற்கு நெடிய வரலாறு உண்டு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடக்கும் பினாங்கு அடியார் எவரும் தண்ணீர்ப் பந்தலில் மோருக்கு முன்பதிவு செய்வதில்லை. வருவோர் யாவர், எத்துணையர் என அறியாமலே பந்தலார் அண்டாக்களை நிரப்பி வைக்கின்றனர். அப்பந்தலின் மூத்த உடன்பிறப்பென்று சொல்லத்தக்கது தமிழகத்துப் பெருவழிகளில் நின்ற சத்திரம்.

சத்திரங்களுள் தஞ்சை மராட்டிய மன்னர் நிறுவியவை தனிச் சிறப்புடையன. வடநாட்டினின்று சேதுவுக்கு வருவோருட் பலர் தஞ்சை நாட்டைக் கடந்தே சென்றனர். அவர்கள் பொருட்டு நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் பெயராலும், பிறவிடங்களில் அரச குலத்துப் பெண்டிர் பலர் பெயராலும் சத்திரங்கள் எழுந்தன. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இரண்டாம் சரபோசி மன்னர் நாட்டின் ஆட்சியை ஆங்கிலக் கும்பினியாரிடம் ஒப்புவித்தார். கோட்டையும் பட்டமும் எஞ்சிய அந்நிலையில் அவர் உள்ளம் எதனைப் பற்றிக் கவன்றது? 1801இல் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு அவர் விடுத்த மடல் இதற்கு விடையளிக்கிறது. சத்திரங்கள் தம் பொறுப்பில் நீடிக்க வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள்.

அம்மடல் தரும் செய்திகளை மாணவர் ஊன்றிக் கற்றல் நன்று. அந்தணர் முதல் தாழ்த்தப்பட்டோர் ஈறாக அனைவர்க்கும் சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதார்க்கு அரிசியும் பண்டங்களும் உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் உளரோ எனக் கூவி அழைப்பர். வழியில் நோயுற்றார்க்கு மருத்துவர் இருந்தனர். பாம்புக்கடிக்கு மருந்து அறிந்தவரும் இருந்தனர். கருவுற்ற பெண்டிர் அங்கேயே ஈன்று, உடல் தேறும் வரை தங்கலாம். பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடந்தது.

இது வேண்டுகோள் மடல். பெறுவோர் மனங்கொள்ளுமாறு எழுதப்பட்டது. ஆதலின் அதனை அளந்தே கொள்ள வேண்டும். அனைவர்க்கும் சோறு என்பதால் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர் என எண்ணுதல் பிழை. அக்காலச் சாதி வழக்கு சத்திர வாயிலில் நின்றுவிடவில்லை. ஆயினும், முன்னறிவிப்பின்றி வருபவனுக்கும் பங்கு உண்டு என்னும் கொள்கையை அம்மணியோசை நிலைநாட்டியது. அடுத்த ஆண்டாகிய 1802இல், முத்தாம்பாள் நினைவாக ஒரத்தநாட்டில் சரபோசி பெருஞ்சத்திரம் எடுப்பித்தார். குதிரையும் யானையும் இழுக்கும் தேர் போன்று அதன் அடித்தளம் அமைந்துள்ளது. பின்னாளில் மாணவர் தங்கும் விடுதியாகவும் அது பயன்பட்டது.

இனி, இதற்கு மாறான ஒரு முறையும் உண்டு. குன்றக்குடியினின்று பழனிக்கு நடக்கும் நகரத்தார், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என வழிவழியாக வரையறுத்த ஊர்களைக் கடந்து செல்கின்றனர். நடந்தே திரும்புதலும் அவர் மரபு. எந்நாளில் எவ்விடத்தில் தங்குவது, எங்கே உலை வைப்பது என்பன முன்னரே முடிந்தவை. இதுவும் ஒருவகை முன்பதிவே; ஆயின் அதற்கு ஈடாக நிற்பது முன்பணமன்று, தலைமுறைப் பழக்கம். கணக்கில் வல்ல வணிகர் குலம் வழிநடையையும் கணக்காக்கியதில் வியப்பில்லை! 1863இல் காசியில் அவர்கள் நிறுவிய சத்திரம் இன்றும் நடைபெறுகிறது.

இவ்விரண்டையும் அசைத்தது இருப்புப் பாதை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின் சேது யாத்திரை சில மணி நேரப் பயணமாகச் சுருங்கிற்று. தஞ்சை அரச மரபு 1855இல் முடிவுற்று, சத்திர நிருவாகம் ஆங்கில அரசின் கைக்கு மாறியிருந்தது. நடப்பார் குறையவே அடுப்புகளும் அவிந்தன. நம் நாட்டிலும், பிறையில் இரயிலிறங்கிப் படகேறிப் பினாங்கு சேர்ந்த தைப்பூச அடியார் வழியைக் காட்டிலும் வண்டி நேரத்தையே எண்ண வேண்டியவராயினர்.

அங்ஙனமாயின் இன்று நடப்பவர் என் செய்வது? முதியோரும் குழந்தையுடன் வருவோரும் இடம் உறுதி செய்து புறப்படுதலே அறிவுடைமை என்பேன். வழியில் அல்லலுறுவதே பக்தி எனக் கூறுவாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வழிநெடுகிலும் உள்ள கூரைகள் யாவும் முன்பணம் செலுத்தியார்க்கே உரியவை ஆகிவிடின், கையில் காசின்றி நேர்ந்துகொண்டு புறப்படும் கூலியாள் எங்கே தலை சாய்ப்பான்? சரபோசியின் மணி அவனுக்காக அடிக்கப்பட்டது. திண்டுக்கல்லினின்று பழனி செல்லும் சாலையில் ஒட்டன்சத்திரம் என்னும் ஊர் தன் பெயரிலேயே சத்திரத்தைச் சுமந்து நிற்கிறது. தை மாதத்தில் அச்சாலையோரப் பந்தல்களில் துண்டை விரித்துத் துயில்வோருள் பலரிடம் பதிவுச் சீட்டு எதுவும் இல்லை.